மாப்பிள்ளை வேட்டைக்குப் போனார்

சிறகைக் கண்டதும் நாய் உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டியது. கடிப்பதற்கு அல்ல. கண்காட்சி நடுவர் பல்வரிசையைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து, மிகவும் மரியாதையாகக் காட்டியது.

"அடேய், இது குருவியின்ரை சிறகு! மோந்து பாரடா!" என்றார் குலேந்திரன்.

பிரின்ஸ் மோந்து பார்க்கவில்லை. நான்கு கால்களையும் அளவாக வைத்து, வாலை நீட்டி, கழுத்தை உயர்த்தி, ஹவுகன்ஸ்டுவா என்ற புறநகரில் மாடிவீடுகளின் பின்னால் இருந்த புல்வெளியில் அப்படியே நின்றது. ஒரு காகம் அதன் மூக்குக்கு முன்னால் இறங்கி, கிடந்த பாண் துண்டைத் தூக்கிக்கொண்டு ஆறுதலாகப் போனது. பிரின்ஸ் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மேலே பல்கனியில் நின்ற மனைவி புஷ்பமலர் சிரித்தாள்.

"இஞ்சேருங்கோ, மாப்பிள்ளை படத்துக்கு நிக்கிறார். கையைத் தட்டி விடுங்கோ. இல்லாட்டி விடியுமட்டும் நிப்பார்."

வேறு வழியில்லை. குலேந்திரன் கையைத் தட்டினார். பிரின்ஸ் திருப்தியோடு அவரை ஒரு வட்டம் சுற்றி ஓடிவிட்டு வந்து நின்றது.

நல்ல சாதி நாய்தான். சிவப்பு மயிர் பளபளக்கும் ஐரிஷ் செட்டர். வேட்டைக்கென்றே பிறந்த இனம். ஆனால் இந்தப் பிரின்ஸ் ஆறு வயதுவரை கண்காட்சி மேடைகளில் மட்டுமே வளர்ந்தது. அதை வளர்த்த எமிலி என்ற பெண் பேர்கன் நகரத்துக்கு வேலை மாறிப் போனபோது நாயையும், ஒரு பெட்டி நிறையப் பரிசு ரிப்பன்களையும் குலேந்திரனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

அந்த நாயால்தான் அவருக்கு வாழ்க்கையில் கிடைக்கவே கிடைக்காது என்று நினைத்த ஒன்று கிடைத்தது.

குலேந்திரன் பஸ் ஓட்டுபவர். அவருடைய பஸ் நிலையத்தில் ஒட்வார் என்ற மூத்த சாரதியும் அவனுடைய கூட்டமும் ஒவ்வொரு செப்டெம்பரும் மலைக்கு ரீப்பெ வேட்டைக்குப் போவார்கள். ரீப்பெ என்பது மலைக்கோழி. பறவைகள் குறைந்துபோன வருஷமாக இருந்தாலும் ஆளுக்கு இரண்டு கொண்டுவருவார்கள். பிறகு வருஷம் முழுக்கச் சாப்பாட்டு அறையில் அந்தக் கதைதான். குலேந்திரன் அந்தலையில், கடைசி மேசையில் இருந்து புட்டைச் சாப்பிட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். என்றாவது ஒருநாள் கூப்பிடுவார்கள் என்று வேட்டைக்காரர் பரீட்சை எழுதினார். துவக்கும் வாங்கினார். மனுசன் ஏங்கியே போனார். ஒருவரும் கூப்பிடவில்லை.

இந்த வருஷம் ஒட்வாரின் கிழட்டு நாய் செத்துப்போனது. குலேந்திரன் துணிந்து போய், தன் கைத்தொலைபேசியில் பிரின்ஸின் படத்தைக் காட்டினார். ஒட்வார் ரிப்பன்களை உற்றுப் பார்த்தான்.

"கண்காட்சி நாயா? காட்டுக்குள்ளை போயிருக்கோ?"

"இல்லை," என்றார் குலேந்திரன். பொய் சொல்ல அவருக்கு வராது.

"ஒருநாளும்?"

"ஒருநாளும் இல்லை."

ஒட்வாரின் முகம் மலர்ந்தது. பக்கத்தில் இருந்த, வேட்டைக் கூட்டத்தில் ஒருத்தியான நோராவைப் பார்த்தான். நோரா சாரதிகளுக்கு வேலை நேரம் போட்டுக் கொடுப்பவள், அதிகம் கதைக்காதவள். அவளும் தலையாட்டினாள்.

"அருமை! நீ கட்டாயம் வா. நாயையும் கொண்டு வா!"

குலேந்திரன் அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். எவ்வளவு பெருந்தன்மை! ஒன்றும் தெரியாத நாயையும் ஒன்றும் தெரியாத மனுசனையும் நம்பிக் கூப்பிடுகிறார்களே! இந்த நம்பிக்கையைக் காப்பாற்றாவிட்டால் நான் என்ன மனுசன்! நாயைப் பழக்கியே தீருவது என்று அன்றைக்கே முடிவெடுத்தார்.

பழக்குவதற்கு ரீப்பெயின் சிறகு ஒன்று தேவை என்று வாசித்து, ஒரு வேட்டைக்கடையில் வாங்கினார். சிறகு பழுதாகாமல் இருக்கக் குளிரில் வைக்க வேண்டும். வைத்தார். எங்கே? வீட்டு உறைபெட்டிக்குள், யாழ்ப்பாணத்திலிருந்து புஷ்பமலரின் தங்கை வறுத்து இடித்து அனுப்பிய கறித்தூள் பைகளுக்கு நடுவில். அதுவும் எப்போது? நல்லூர்த் திருவிழாக் காலத்தில்.

புஷ்பமலர் கண்டுபிடித்த அன்று வீடு இரண்டுபட்டது.

"நல்லூரிலை கொடியேறி இருக்கு! வீட்டிலை மச்சம் மாமிசம் புழங்கிறேல்லை எண்டு தெரியாதோ? ஒரு வருஷத்துத் தூளுக்குள்ளை செத்த குருவியைச் செருகி வைச்சிருக்கிறீரே, உமக்கென்ன விசரோ?"

"சிறகு மட்டும்தான் மலர். இறைச்சி இல்லை."

"சிறகு என்ன கத்தரிக்காயிலையோ முளைச்சது?"

கறித்தூள் அத்தனையும் குப்பைக்குப் போனது. ஆனால் சிறகு தப்பியது. அதில் ஏறிய தூள் மணமும் தப்பியது. அன்று பின்னேரம் பிரின்ஸ் முதன்முறையாகச் சிறகை மோந்தது! வாலை ஆட்டியது! குலேந்திரன் துள்ளிக் குதித்துக் கயிற்றை அவிழ்த்து விட்டார்.

பிரின்ஸ் ஓடியது. காட்டுப் பக்கம் அல்ல, வீடுகளின் பக்கம். கீழ்த்தளத்தில் இருந்த சோதிலிங்கத்தின் பல்கனிக்கு முன்னால் போய், முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, மூக்கை நீட்டி, நடுங்கிக்கொண்டு நின்றது. திருவிழா இருபத்தைந்து நாளும் ஒருநேர மரக்கறிச் சாப்பாடு என்று ஊர்முழுக்கச் சொல்லித் திரிந்த சோதிலிங்கம், கையில் ஆட்டுக்கறிச் சட்டியோடு பல்கனியில் நின்றார்.

"குலேந்திரன் அண்ணை," என்றார் அவர் மெதுவாக. "நாயைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நீங்களும் ஒண்டையும் காணேல்லை, நானும் ஒண்டையும் காணேல்லை."

அந்தச் சிறகும் குப்பைக்குப் போனது.

ஆனால் குலேந்திரனுக்கு ஒரு விஷயம் விளங்கிவிட்டது. இந்த நாய் படிக்கும்! மூக்கு வேலை செய்கிறது! சரியான மணத்தைக் கொடுத்தால் போதும். கடையிலிருந்து முழு ரீப்பெ ஒன்றையே வாங்கி வந்தார். உறைய வைத்து, பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் அடைத்தது.

புஷ்பமலர் வாசலிலேயே மறித்தாள்.

"தேர் முடியுமட்டும் உறையைப் பிரிக்கக் கூடாது. பிரிச்சீர் எண்டால் நீரும் மாப்பிள்ளையும் வெளியிலைதான் படுக்கிறது."

"பிரிக்க மாட்டன். சத்தியமாய்ப் பிரிக்க மாட்டன்."

பிரிக்கவில்லை. பல்கனியில் ஒரு குளிர்பெட்டி வைத்து, பறவையை உறையோடு அதற்குள் வைத்து, உறையோடு பற்றைக்குள் ஒளித்து, உறையோடு தேடவைத்தார். கண்டுபிடித்தால் ஈரல் துண்டு ஒன்று. முதலில் பிரின்ஸ் பல்லைக் காட்டியது. பிறகு வட்டமாக ஓடியது. பிறகு ஒருநாள், அட, நேரே பற்றைக்குள் போய் மூக்கை நீட்டி நின்றது! குலேந்திரன் புல்லில் முழங்காலில் விழுந்து நாயைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். அதன்பிறகு மரத்தடியில் ஒளித்தாலும் கண்டுபிடித்தது. கல்லுக்குப் பின்னால் ஒளித்தாலும் கண்டுபிடித்தது. கண்டுபிடித்து, மெதுவாக வாயில் கவ்விக்கொண்டு வந்து, கண்காட்சியில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்று நீட்டியது.

"பாரும் மலர், பாரும்! ஒட்வார் வாயைப் பிளக்கப் போறான்!"

"பிளக்கட்டும், பிளக்கட்டும்," என்றாள் அவளும். அவளுக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். வழிக்குச் சாப்பிடக் கட்டுச்சாதம் கட்டிக் கொடுத்தாள்.

மலையில் முதல்நாள் காலை. குளிர்க்காற்று, சிவந்துபோன புதர்கள், தோளில் துவக்கு. ஒட்வார், நோரா, குலேந்திரன் மூன்று பேரும் வரிசையாக நடந்தார்கள். இத்தனை வருஷம் கேட்ட கதைக்குள் குலேந்திரன் இப்போது நடந்துகொண்டிருந்தார்.

திடீரென்று பிரின்ஸின் மூக்கடியில் இருந்து ஒரு ரீப்பெக் கூட்டம் சடசடவென்று எழும்பியது. உயிரோடு! பத்துப் பன்னிரண்டு இருக்கும்!

பிரின்ஸ் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது. பிறகு பக்கவாட்டில் திரும்பி, கழுத்தை உயர்த்தி, படத்துக்கு நின்றது.

குலேந்திரனுக்கு உயிரே போய்விட்டது. துவக்கைத் தூக்கவும் மறந்துபோனார். மற்ற இரண்டு பேரும் தூக்கவில்லை. ஒட்வார் பிளாஸ்கில் இருந்து கோப்பி ஊற்றிக்கொண்டு நின்றான்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றார் குலேந்திரன், அழாக்குறையாக. "வடிவாய்ப் பழக்கினனான்..."

"என்ன கதை இது! தங்கமான நாய்!" ஒட்வார் பிரின்ஸின் தலையைத் தடவினான். "இதைவிட நல்ல நாய் எங்களுக்குக் கிடைக்காது!"

ஆறுதலுக்குச் சொல்கிறான் பாவம் என்று நினைத்தார் குலேந்திரன். அடுத்த வருஷம் மறுபடியும் அந்தலை மேசைதான் என்று நினைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி அவர்கள் தங்கியிருந்த குடிலை நோக்கி நடந்தார்.

குடில் வாசலில் வந்ததும் பிரின்ஸ் நின்றது.

சும்மா நிற்கவில்லை. முன்னங்கால் மடங்கியது. மூக்கு நீண்டது. உடம்பெல்லாம் நடுங்கியது. ஒட்வாரின் கார்ப் பின்கதவைப் பார்த்தபடி கல்லாகச் சமைந்துவிட்டது.

"அசையாதையுங்கோ!" குலேந்திரன் கத்தினார். "பறவை! காருக்குக் கீழை பறவை!"

"அங்கை ஒண்டும் இல்லை," என்றான் ஒட்வார் அவசரமாக. "வா, உள்ளை போய்ச் சாப்பிடுவம்."

"இல்லை இல்லை, இது பிழைவிடாது! எனக்குத் தெரியும்!" குலேந்திரன் குப்புறப் படுத்துக் காருக்கு அடியில் பார்த்தார். ஒன்றுமில்லை. எழும்பினார். ஒட்வார் கையைப் பிடிக்க வருவதற்குள் பின்கதவைத் திறந்துவிட்டார்.

பிரின்ஸ் ஒரே பாய்ச்சலாக உள்ளே பாய்ந்தது. ஒட்வாரின் குளிர்பெட்டி மூடியை மூக்கால் தள்ளியது. எதையோ மெதுவாகக் கவ்விக்கொண்டு கீழே குதித்து, நான்கு கால்களையும் அளவாக வைத்து, கழுத்தை உயர்த்தி நீட்டியது.

உறைந்த ரீப்பெ. பிளாஸ்டிக் உறை பிரிக்காதது. விலைச்சீட்டும் கிழிக்காதது. பெட்டிக்குள் இன்னும் ஐந்து கிடந்தன, ஆளுக்கு இரண்டு கணக்காக.

ஒட்வார் வானத்தைப் பார்த்தான். பிரின்ஸ் கைதட்டலுக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

கடைசியில் நோராதான் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"குலேன், வேட்டை தெரியாத நாய் எண்டுதானே உன்னைக் கூப்பிட்டனாங்கள். இதை ஆர் உன்னைப் பழக்கச் சொன்னது?"