நாலு வீட்டைத் தாண்ட நாலு வீதி

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். என் மனைவி செங்கமலத்தையும் அவளுடைய வீணையையும் மாலை ஆறு மணிக்குள் திருச்சி ரேடியோ நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

ஆறரைக்கு அவள் வாசிப்பு. கால் மணி நேரம். முதல் தடவை.

நிலையத்திலிருந்து வந்த கடிதத்தில் எல்லாம் தெளிவாகவே இருந்தது. வாசிப்பது நேரே ஒலிபரப்பாகும். வருகிறவர் தாமதமானால் ரேடியோ காத்திருக்காது. அந்த நேரத்துக்கு ஒரு இசைத்தட்டைப் போட்டுவிடுவார்கள். அப்படித் தவறவிட்டவர்களை மறுபடி கூப்பிடும் வழக்கமும் இல்லை.

இந்தக் கடிதத்துக்காகச் செங்கமலம் இரண்டு வருஷம் காத்திருந்தாள். நிலையத்தார் வைத்த முதல் பரீட்சையில் வீணைத் தந்தி அறுந்துபோயிற்று. அழுதாள். மறுநாள் புதுத் தந்தி கட்டி மறுபடி உட்கார்ந்தாள். இரண்டாவது பரீட்சையில் தேறினாள்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், தெற்குச் சித்திரை வீதியில். வாசலிலிருந்து மேற்கே நாலு வீடு தாண்டினால் மொட்டைக் கோபுரத்துக்குப் போகும் பாதை. அதில் திரும்பினால் அம்மா மண்டபம், காவிரிப் பாலம், அப்புறம் திருச்சி. ஜட்காவில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நாலரைக்குப் புறப்பட்டால் தாராளம்.

ஒரு குழந்தைகூடக் கெடுக்க முடியாத வேலை! அதைக் கெடுக்க ஒரு அறிவாளி தேவைப்பட்டான். அந்த வீட்டில் அப்படி ஒருவன் இருந்தான்.

பல வருஷங்களாக ஒரு வாரப் பத்திரிகையில் குழந்தைகள் பக்கம் எழுதி வருகிறேன். காகிதக் கப்பல் மடிப்பது, நிழலை அளந்து மரத்தின் உயரம் சொல்வது போன்ற விஷயங்கள். ஒரு வாரம், "பத்து வண்டிகள் ஒன்றையொன்று மறிக்காமல் ஒரு சதுரத் தெருவைச் சுற்றிவருவது எப்படி?" என்று ஒரு புதிர் போட்டேன். எல்லா வண்டிகளும் ஒரே திசையில் போகவேண்டும், மூலைக்கு மூலை இடது பக்கமே திரும்பவேண்டும். அதுதான் விடை.

அதைப் படித்துவிட்டு ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். வடக்குச் சித்திரை வீதிக்காரர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நாலு வீதிகளிலும் ஜட்காவும் கட்டை வண்டியும் பஸ்ஸும் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து மனம் நொந்து, வீதி ஒழுங்குக் கமிட்டி என்று ஒன்றை அவரே ஆரம்பித்து, அவரே அதற்குத் தலைவராகவும் இருந்தார்.

"குழந்தைகளுக்கே புரியற மாதிரி எழுதறேள். ஜட்காக்காரனுக்குப் புரியாதா? நம்ம வீதிக்கு ஒரு திட்டம் போட்டுக் குடுங்கோ" என்றார்.

புகழ்ச்சிக்கு நான் மயங்குகிறவன் அல்ல என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அரை நிமிஷத்தில் ஒத்துக்கொண்டேன்.

கூடத்துத் தரையில் சாக்கட்டியால் நாலு வீதிகளையும் வரைந்தேன். ஜட்காவுக்குப் புளியங்கொட்டை. கட்டை வண்டிக்குக் கொட்டைப்பாக்கு. பஸ்ஸுக்குக் கத்தரிக்காய். கமிட்டியார் ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் புளியங்கொட்டைகளை இடது பக்கமாகத் திருப்பித் திருப்பி நகர்த்தினேன். ஒன்றுகூட ஒன்றோடு மோதவில்லை. கத்தரிக்காய் மூலையில் திரும்பியபோது ஒருவர் கைதட்டினார்.

"நாலு வீதியும் சுத்திவரப் பதினேழே நிமிஷம்" என்றேன்.

"பேஷ்!" என்றார் தாசில்தார், காப்பி டம்ளரைப் படத்தின் நடுவில் வைத்துவிட்டு.

அந்த டம்ளர் இருந்த இடத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று ஆறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆறு பேரும் பிறந்ததிலிருந்து அதைச் சுற்றியே வாழ்கிறவர்கள்! ஸ்ரீரங்கத்துக்கு ஒரு படம் போட்டு, அதில் கோயிலை விட்டுவிட்ட பெருமை எங்களையே சேரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் செய்து பாருங்கள் என்று போலீஸில் சொன்னார்கள். சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அந்தச் சிரிப்பை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டோம். நோட்டீஸ் அச்சடித்தோம். அடியில் என் பெயர்.

அந்த ஞாயிறும் செங்கமலத்தின் ஞாயிறும் ஒன்றாக அமைந்தன. நல்லதாகப் போயிற்று, நெரிசலே இருக்காது, பறந்து போய்விடலாம் என்று அவளிடம் சொன்னேன்.

நாலு மணிக்கே காதர் பாய் ஜட்காவோடு வாசலில் நின்றார். எங்கள் வழக்கமான வண்டிக்காரர். செங்கமலம் உறை போட்ட வீணையை மடியில் கிடத்திக்கொண்டு ஏறினாள். நானும் ஏறினேன். காதர் பாய் வண்டியை மேற்கே திருப்பினார்.

பீ...ப்!

விசில் அடித்தவர் சாரங்கன். துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவர், அன்றைக்கு எங்கள் தொண்டர்.

"மேற்கே போகப்படாது. கிழக்கே போய், நாலு வீதியும் சுத்திண்டு வரணும்."

"நாலு வீடுதானே ஐயா, அதோ தெரியுது பாதை!" என்றார் காதர் பாய்.

"நோட்டீஸைப் பாரும்."

செங்கமலம் என் தோளைத் தொட்டாள். "ஏன்னா, நாலு வீடுதானே? நடந்துடலாம். வண்டி சுத்திண்டு வரட்டும், இல்லேன்னா அங்கே வேற வண்டி பிடிச்சுக்கலாம்."

எவ்வளவு எளிய வார்த்தை! அதைக் கேட்டு நடந்திருந்தால் இதை எழுத எனக்கு விஷயமே இருந்திருக்காது.

"திட்டம் போட்டவனே இறங்கி நடந்தா ஊர் சிரிக்காதா? பதினேழு நிமிஷம்தான். கிழக்கே விடுங்க பாய்" என்றேன்.

காதர் பாய் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு குதிரையைப் பார்த்தார். இரண்டில் எது புத்திசாலி என்று தீர்மானித்தவர்போல், குதிரையிடம் மட்டும் மன்னிப்புக் கேட்கும் குரலில் ஏதோ சொல்லித் திருப்பினார்.

கிழக்கு வீதி மூலை வந்தது. குதிரை நின்றுவிட்டது.

"என்ன பாய்?"

"சாமி, எட்டு வருஷமா இந்தக் குதிரை சேவிக்க வர்றவங்களை ஏத்திக்கிட்டு இந்த வீதிங்களைச் சுத்துது. கோயிலை வலது பக்கம் வெச்சுத்தான் சுத்தும். இப்பக் கோயில் இடது பக்கம் இருக்குதுங்களே! அது யோசிக்குது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூலைக்கு மூலை இடது பக்கம் திரும்பினால் கோயில் இடது கைப்பக்கம் வரும். அப்பிரதட்சிணம்! இந்த ஊரில் இழவுச் சடங்கு தவிர வேறெதற்கும் யாரும் அப்படிச் சுற்றுவதில்லை. அந்தச் சுற்றைத்தான் ஊர் முழுவதற்கும் உத்தரவாகப் போட்டிருந்தேன்.

குதிரைக்குத் தெரிந்திருந்தது. கத்தரிக்காய்க்குத் தெரியவில்லை.

காதர் பாய் இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்து இழுத்துத் திருப்பினார். கிழக்கு வீதியில் வண்டிகள் எறும்பாக ஊர்ந்தன. பாதி வண்டிக்காரர்கள் போகமாட்டோம் என்று மாட்டை அவிழ்த்துவிட்டு நின்றார்கள். எங்களுக்கு முன்னால் போன ஜட்காவில் ஒரு பெரியவர் பின்பக்கம் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, கை கூப்பிக்கொண்டிருந்தார்.

"ஏன் ஸ்வாமி திரும்பி உட்கார்ந்திருக்கேள்?" என்று கேட்டேன்.

"இப்படி உட்கார்ந்தா பெருமாள் எனக்கு வலது பக்கம். வண்டி எப்படிப் போனா எனக்கென்ன?"

செங்கமலம் வீணையைத் தூக்கி, தானும் திரும்பி உட்கார்ந்தாள்.

வீதி ஓரத்துப் பூக்கடைக்காரர் ஒருவர் வண்டி வரிசையைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார். "யார் ஆத்துல? வயசானவாளா?"

"யாரும் சாகலை!" என்று கத்தினேன்.

"இன்னும் இல்லை" என்றாள் செங்கமலம்.

வடக்கு வீதிக்குள் திரும்பும்போது மணி நாலே முக்கால். என் பதினேழு நிமிஷம் எப்போதோ தீர்ந்துவிட்டது. இன்னும் பாதி வழி பாக்கி.

வடக்குக் கோபுர வாசல் அருகே போனதும் வண்டி அடியோடு நின்றது. எதிரே நாகஸ்வரம். ஜானவாசம், மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம்!

யுத்த காலம். ராத்திரியில் காஸ் விளக்கு கூடாது என்று ஜானவாசத்தைப் பகலிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள். பெட்ரோலும் கிடைக்காததால் திறந்த காரில் மாப்பிள்ளையை உட்காரவைத்து ஆறு பேர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார்கள். பிரதட்சிணமாக. முறைப்படி. எங்களுக்கு நேர் எதிராக.

அந்தப் பக்கத்துத் தொண்டர் விசில் அடித்தார். நாகஸ்வரக்காரர் சுருதி கலைந்து முறைத்தார்.

"ஒரே திசை! காரைத் திருப்புங்கோ!"

பெண்ணுக்கு அப்பா முன்னால் வந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல். "என்ன ஓய் சொல்றீர்? என் மாப்பிள்ளை அப்பிரதட்சிணமா ஊர்வலம் போகணுமா? முகூர்த்தத்துக்கு முன்னாடியே கருமாதியா?"

"நோட்டீஸ் போட்டிருக்கே..."

"எந்தப் புண்ணியவான் போட்டான் நோட்டீஸு?"

தொண்டருக்கு நல்ல ஞாபகசக்தி. என்னைக் கையால் காட்டினார்.

அதற்குள் எங்களுக்குப் பின்னால் மூன்று ஜட்காக்கள், நெல் மூட்டை ஏற்றிய இரண்டு கட்டை வண்டிகள், கடைசியில் பெட்ரோலுக்குப் பதில் கரிப் புகையில் ஓடும் பஸ் ஒன்று. பின்வாங்க வழியில்லை. பஸ் அணைந்துபோயிற்று. அதைக் கிளப்ப வேண்டுமானால் அடுப்பை ஊதி அரைமணி காத்திருக்க வேண்டும் என்று டிரைவர் இறங்கிவந்து மகிழ்ச்சியோடு தெரிவித்தார்.

"இப்ப என்ன பண்றதா உத்தேசம்?" என்று பெண்ணுக்கு அப்பா என்னைக் கேட்டார். "உங்க குழந்தைகள் பக்கத்துல இதுக்கு விடை உண்டோ?"

சட்டைப்பையில் நாலைந்து புளியங்கொட்டைகள் இருந்தன. அவற்றை எடுத்து ஜட்காவின் பலகையில் அடுக்கிப் பார்க்க ஆரம்பித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உண்மையாகவே ஆரம்பித்தேன்!

செங்கமலம் இறங்கினாள். "மணி என்ன?"

"அஞ்சடிக்கப் போறது."

அவள் வடக்குக் கோபுரத்தைப் பார்த்தாள். உள்ளே போய், பிரகாரங்களைக் கடந்து, தெற்கு வாசலில் வெளியே வந்தால் எங்கள் வீதி. நேர்கோடு. வண்டி போகாது, ஆள் போகலாம்.

"ரேடியோவுக்கு நேரமாச்சு. நான் உள்ளே புகுந்து போறேன். நீங்க சுத்திண்டு வாங்கோ."

"தனியாவா? அவ்வளவு தூரம் வீணையைத் தூக்கிண்டா?"

ஜானவாசக் கூட்டத்திலிருந்து ஒரு மாமி பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். பெண்ணுக்கு அத்தையாம். "ரேடியோவுல வாசிக்கப் போறியா? நேரமாயிடுத்தா? குடத்துப் பக்கம் நான் பிடிச்சுக்கறேன், வா!"

"நானும் வரேன்" என்று நான் ஒரு காலை எடுத்துக் கீழே வைத்தேன்.

பெண்ணுக்கு அப்பா என் மேல்துண்டைப் பிடித்துக்கொண்டார். "நீர் எங்கே போறீர்? இதைத் தீர்த்துட்டுப் போம்!"

இரண்டு பெண்களும் நடுவில் வீணையுமாகக் கோபுர வாசலுக்குள் மறைந்தார்கள். ஒருவர்கூட விசில் அடிக்கவில்லை.

அடுத்த ஒன்றரை மணி நேரத்தை விவரிக்க விருப்பமில்லை. மாட்டை அவிழ்த்துக் கட்டினோம். காரை ஓரமாகத் தூக்கிவைக்கப் பார்த்தோம். மாப்பிள்ளையை இறங்கச் சொன்னோம். பாதி ஊர்வலத்தில் இறங்கினால் சகுனத்தடை என்று அவர் அத்திம்பேர் விடவில்லை. இதற்கிடையில் புதிதாக இரண்டு வண்டிகள் நோட்டீஸை மதித்துப் பின்னால் வந்து சேர்ந்தன. என் திட்டத்தை முழு மனதோடு கடைப்பிடித்தவர்கள் அவர்கள்தான். அவர்களை அன்று நான் வெறுத்த அளவு வேறு யாரையும் வெறுத்ததில்லை.

ஆறரை அடிக்கப்போகும் நேரம். நாங்கள் நின்ற இடம் தாசில்தார் வீட்டு வாசல். அவர் வீட்டு ரேடியோ ஜன்னல் ஓரத்தில் இருந்தது. அவரே வெளியே வந்து, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, "உம்மாத்துக்காரி வாசிக்கற நேரமாச்சே. ரேடியோ போடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் திருகினார்.

கரகரவென்று சத்தம். போய்ச் சேர்ந்திருப்பாளா? தெற்கு வாசலில் வண்டி கிடைத்திருக்குமா? இப்போது அங்கே இசைத்தட்டு சுற்றினால், இந்த ஜன்மத்தில் நான் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

அறிவிப்பாளர் தொண்டையைக் கனைத்தார். பிறகு அவள் பெயரைச் சொன்னார்.

முதல் மீட்டலிலேயே தெரிந்துவிட்டது, அவள் கைதான். காதர் பாய் குதிரையின் கழுத்தைத் தட்டி, "அம்மாதான்டா!" என்றார்.

கார் தள்ளினவர்கள் தெருவிலேயே உட்கார்ந்தார்கள். நாகஸ்வரக்காரர் தலையாட்டினார். பெண்ணுக்கு அப்பா என் துண்டை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கால் மணி நேரம் அந்த வீதியில் யாரும் யாரிடமும் வழி கேட்கவில்லை.

வாசிப்பு முடிந்ததும் காதர் பாய் எழுந்து, "எல்லாரும் வழக்கம்போலப் போங்க சாமி, யாரும் யாருக்கும் ரூல் சொல்லவேணாம்" என்றார். ஒருவர் இப்படி ஒதுங்கினார், ஒருவர் அப்படி நகர்ந்தார், ஒருவர் ஒருவரைத் திட்டினார். ஐந்து நிமிஷத்தில் வீதி காலி.

செங்கமலம் திரும்பி வந்தபோது நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"எப்போ போய்ச் சேர்ந்தே?"

"ஆறு இருபதுக்கு. உள்ளே விடறதுக்கே யோசிச்சா. சுருதி சேர்க்க நேரம் இருக்காதுன்னு பாலத்து மேலே வண்டியிலேயே சேர்த்துண்டுட்டேன்."

"ரொம்ப நன்னா இருந்தது."

"எங்கே கேட்டேள்?"

"வடக்கு வீதியில. நின்ன இடத்துல."

அவள் வீணையை மெதுவாகக் கீழே வைத்தாள். "அடுத்த மாசமும் வரச் சொல்லியிருக்கா. அன்னிக்கு நீங்க என்னைக் கொண்டுவிட வேண்டாம். ஆத்திலேயே இருங்கோ."

இருந்தேன். அந்தத் தடவை அரைமணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தாள்.