எலிக்கு வரன் தேடியவர்

ஆரணியில் எலிக்கு ஜாதகம் பார்த்த ஒரே மனிதர் எங்கள் எலி சார்தான். எழுபதுகளின் கடைசியில், விலங்கியல் ஆராய்ச்சி என்று சொல்லி எங்கள் மாடி அறைக்குக் குடிவந்தார். சாமான் என்று பார்த்தால் ஒரு பாய், மீதியெல்லாம் கூண்டு.

தறியில் ஏற்றக் கஞ்சி போட்டு வைத்த பட்டுப் பாவு நூலை எலி கடித்தால் எங்கள் நெசவாளர் தெருவில் யாருக்கும் அன்று சோறு இறங்காது. அங்கே உட்கார்ந்து இவர் எலிகளுக்குக் கம்பு போட்டு வளர்த்தார். நாட்டு எலி, கப்பலில் வந்து லாரி ஏறிய சீமை எலி என்று பிரித்து, ஒவ்வொன்றிடமும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, எது எதற்கு உறவு என்று பார்ப்பார். ஆனால் அவர் உயிராக இருந்தது முள்ளிப்பட்டுப் பாறைக் கரட்டில் மிஞ்சியிருந்த வெள்ளை வயிற்றுச் சுண்டெலிகளிடம்தான். அந்த இனம் அழிந்துகொண்டிருந்தது.

ஒருநாள் அப்பா மரியாதைக்கு விசாரித்தார்.

"சுண்டெலிங்க எப்படி கீதுங்க சார்?"

"மோசங்க. சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிட்டு குட்டியெல்லாம் நோஞ்சானா பொறக்குது. வெளி ரத்தம் வந்தாத்தான் வம்சம் தப்பும்."

முதல் நாள்தான் எனக்கும் என் தாய்மாமனுக்கும் தாம்பூலம் மாற்றியிருந்தார்கள்.

"யாரைச் சொல்றீங்க?"

"எலியைத்தாங்க."

"என் ஊட்ல இருந்துகினே என் சம்பந்தத்தைப் பேசுறீங்களா? ஒரு வாரத்துல காலி பண்ணுங்க."

கூண்டுகளோடு அவருக்கு வேறு யார் இடம் கொடுப்பார்கள்? பிடித்து வந்த சுண்டெலிகளை அப்படியே கரட்டில் திருப்பி விட்டால் இனம் அதோடு சரி. "அதுக்குள்ள வரன் பாத்துடுறேன்" என்று கிளம்பினார். வந்தவாசிப் பக்கம் ஒரு பாறை விடவில்லை. கால் வீங்கியும் விடவில்லை. கடைசியில் செய்யாறிலிருந்து டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

"இன்னா சார், சோறு கத்துது?" என்றாராம் கண்டக்டர்.

"மாப்பிள்ளைங்க" என்றாராம் இவர்.

வாசலில் அப்பா மறித்து நின்றார். கெடு முடிந்திருந்தது. அப்போது என் மாமாதான் வாய் திறந்தார். "மாப்பிள்ளைய வாசல்ல நிக்க வெச்சி அனுப்புறது நம்ம பழக்கம் இல்லீங்களே." அப்பா ஓரமாக நகர்ந்து வழி விட்டார்.

குட்டி போட்டதும் முதலில் மாடி ஏறியவர் அப்பாதான். "நல்லா கொழுகொழுன்னு கீதுங்க" என்றார், பேரன் பிறந்த குரலில்.

எங்கள் கல்யாணத்துக்கு எலி சார் வரவில்லை. அன்று கரட்டில் அவர் தன் சம்பந்திகளைக் குடியமர்த்திக்கொண்டிருந்தார். பிறகு ஊரை விட்டே போய்விட்டார்.

இன்றும் எங்கள் வீட்டுப் பொறியில் எலி விழுந்தால், மாமா முதலில் அதன் வயிறு வெள்ளையா என்று பார்க்கிறார். வெள்ளையாக இருந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு முள்ளிப்பட்டுக்குப் போகிறார்.