அப்பாவுக்கு கேஸ் என்று சொல்லியிருக்கிறோம்

காளிகாட், கல்கத்தா
17-11-1998

சிரஞ்சீவி ராஜாராமனுக்கு, அண்ணா ஜம்புநாதன் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதியே பழகிய கை. இந்தத் தடவை அப்படி எழுத வரமாட்டேன் என்கிறது.

அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் என்று போனில் சொன்னால் நீ "கத்திச் சொல்லு, கத்திச் சொல்லு" என்கிறாய். எஸ்.டி.டி. பூத்தில் அதற்கு மேல் கத்தினால் தெருவே கூடி ஆளுக்கொரு வைத்தியம் சொல்லும். அதனால் இன்று கோரமண்டல் எக்ஸ்பிரஸில் மெட்ராஸ் வரும் சிவராமகிருஷ்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தொண்ணூற்றிரண்டு வயசில் மனுஷர் பயந்துவிடப் போகிறாரே என்று, வெறும் கேஸ்தான், வாயுத் தொந்தரவு என்று அவரிடம் சொல்லியிருக்கிறோம். உன் மன்னி கோமதியின் யோசனை. நம் வீட்டில் எந்த நோயாளிக்கு நிஜத்தைச் சொல்லியிருக்கிறோம்? மார்பு முழுக்க ஒயர், மூக்கில் ஆக்சிஜன், தலைமாட்டில் ஒரு மெஷின் கீங் கீங் என்கிறது. "கேஸுக்கா இத்தனை அமர்க்களம்?" என்றார். "இப்போல்லாம் இப்படித்தான்ப்பா" என்றேன். பக்கத்து வீட்டு முகர்ஜியின் சம்சாரம், அந்த பௌதி, அப்படியே நம்பிவிட்டாள். இந்த ஊரில் கேஸைவிடப் பெரிய வியாதி கிடையாதே! எல்லாம் உங்கள் புளியாலும் பருப்பாலும் வந்த வினை என்று பெங்காலியில் அப்பாவுக்கு அவள் உபதேசம் பண்ண, அவர் சிரிக்க, மெஷின் அலற, நர்ஸ் எங்களை வெளியே துரத்திவிட்டாள்.

மீசை சரியாக முளைக்காத ஒரு டாக்டர், சென்குப்தா என்று பெயர், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதாம், பலூன் விட்டுத் திறக்கலாமாம். இந்த வயசில் ஆபரேஷன் மேஜையிலேயே உயிர் போனாலும் போய்விடலாம், மருந்தோடு விட்டால் எத்தனை நாள் ஓடுமோ சொல்ல முடியாது, பேஷண்ட் என்ன சொல்கிறார் என்றார். அப்பாவிடம் எப்படிடா கேட்பது? கேட்டால் கேஸ் இல்லை என்று தெரிந்துவிடுமே! சோறு இறங்காமல் யோசித்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சதாபிஷேகம் பண்ணிப் பார்த்தாச்சு, கொள்ளுப்பேத்தி மதுவந்தியைத் தூக்கிக் கொஞ்சியாச்சு, இனிமேல் அந்த உடம்பைக் குத்துவானேன்? வீட்டுக்கு அழைத்துவந்து, அவர் கட்டிலிலேயே... மேலே எழுத வரலைடா. பார்க்கிறவர்களெல்லாம் "வயசாச்சே" என்கிறார்கள். எனக்கும்தான் அறுபத்தெட்டு. ஆனால் அப்பா இல்லாத வீட்டில் நான் ஒரு நாள்கூட இருந்ததில்லையே, எனக்கு பயமாயிருக்குடா. நீ அலைய வேண்டாம். மூத்தவன் நான் முடிவு பண்ணியாச்சு. பாவமோ புண்ணியமோ என் தலையோடு போகட்டும்.

விஜயலக்ஷ்மிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். உன் பிரஷர் மாத்திரையை மறக்காதே.

இப்படிக்கு,
அண்ணா ஜம்புநாதன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "டேய் ஜம்பு, அந்த டாக்டர் பையன்கிட்ட நானே கேட்டுட்டேன். ஹார்ட்டாமே. நீங்கள்லாம் பாவம், அவ்வளவு கஷ்டப்பட்டு மறைக்கறேளேன்னு நானும் ஏப்பம் விட்டுண்டு கிடந்தேன்" என்றார். அதோடு விடவில்லை. "பலூன் வேண்டாம்னுட்டியாமே. என்னை ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா? எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும் போல இருக்குடா." கெஞ்சுகிறார் ராஜாராமா, அப்பா என்னிடம் கெஞ்சுகிறார். பலூனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாளைக் காலையில் உள்ளே கொண்டுபோகிறார்கள். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு உடனே புறப்படு. இது உன் கைக்கு வரும்போது ஒன்று அடைப்பு திறந்திருக்கும், இல்லை எல்லாம் முடிந்திருக்கும். எதுவானாலும், அப்பா கேட்டதைத்தான் செய்தாய் என்று நீ வந்து என்னிடம் ஒரு தரம் சொல்லு.