கப்பலில் முன் சீட்டு

அன்பு மகள் கலைப்பிரியாவுக்கு, உன் அப்பா தென்னரசு நடுக்கடலில் இருந்து எழுதுவது.

இங்கு அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் ‘அனைவரும்’ என்று எழுதக் கை கூசுகிறது. உன் அம்மா பிரபாவதி நலம். உன் மாமியார் தைலம்மாள் மிக நலம். இரண்டு பேரும் இப்போது மூன்றாவது முறையாக ஐஸ்கிரீம் வாங்க மேல்தளத்துக்குப் போயிருக்கிறார்கள். உன் மாமனார் சேட்டு பாறை மாதிரி இருக்கிறார். நான் மட்டும் படுத்தவாக்கில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது கப்பலின் கோணல் என்று எடுத்துக்கொள். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். ஐந்தாம் மாதம் பிறந்ததும் வாந்தி நின்றுவிட்டது என்று போன வாரம் சொன்னாய். உன்னிடம் நின்றது எங்கே போனது என்று நேற்று ராத்திரி எனக்குத் தெரிந்துவிட்டது.

போனில் சொல்லக் கூடாதா, கடிதம் எதற்கு என்று கேட்பாய். இங்கே டவர் இல்லை. டவர் இருந்தாலும் என்னிடம் செல்போன் இல்லை. அது போன கதை பின்னால் வருகிறது. அறையில் கப்பல் படம் போட்ட வெள்ளைத்தாள் ஒரு கட்டு வைத்திருக்கிறார்கள். இதை எழுதி முடித்து உன் மாமனாரிடம் கொடுப்பேன், அவர் தன் செல்லில் படம் பிடித்து, கரை தெரிந்ததும் உனக்கு அனுப்புவார். “படிக்க வேணாம் சம்பந்தி, போட்டோ மட்டும் எடுங்க” என்று சொல்லப்போகிறேன். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிற ஆள் இல்லை அவர். ஆமாம், சம்பந்தி என்றுதான் கூப்பிடுகிறேன். பேசிவிட்டோம். அவசரப்படாதே, சொல்கிறேன்.

உனக்குத் தெரிந்த சங்கதிதான். இருந்தாலும் என் தப்பை என் கையாலேயே ஒருமுறை எழுதிவிட்டால் மனசு ஆறும். மரக்காணத்தில் உன் கல்யாண வரவேற்பு அன்று, நாற்பது வருஷம் கடலில் மீன்பிடிக்கப் போய் வந்த மனுஷன் என்று உன் மாமனாரை யாரோ மைக்கில் புகழ்ந்தார்கள். அடுத்து மைக் என் கைக்கு வந்தது. கண்டக்டர் கையில் மைக் கிடைத்தால் என்ன ஆகும் என்று அதைக் கொடுத்தவன் யோசித்திருக்க வேண்டும். “கடல்ல போறதெல்லாம் ஒரு வேலையா? சில்லறை குடுக்கணுமா, டிக்கெட் கிழிக்கணுமா, புட்போர்டுல தொங்கறவன உள்ள இழுக்கணுமா? குந்திக்கினா காத்தே கொண்டுபோய் விட்டுடும். முப்பத்தோரு வருஷம் ஓடற பஸ்ல கம்பியப் புடிக்காம நின்னவன் நான்” என்று சொல்லிவிட்டேன். பந்தலில் பாதிப் பேர் சிரித்தார்கள், எல்லாம் நம் பக்கத்துப் பாதி. உன் மாமனார் எழுந்து நின்று, “ஒரு ராத்திரி கடல்ல வந்து பாருங்க. அப்பால பேசுவோம்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவர் என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கு ரோஷம் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன், உண்மையில் வெட்கம்.

இப்போது தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து பெண்ணைத் திண்டிவனத்துக்கு அழைத்துப்போகிறோம் என்று பெண்ணைப் பெற்றவன்தான் சம்பந்தி வீட்டில் வாய்திறந்து கேட்க வேண்டும். முகத்தையே பார்க்காதவன் எந்த வாயால் கேட்பது? அவர்களும் பிரசவத்தைத் தங்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று உன் மாமியார் மூலமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். உன் அம்மா அன்றிலிருந்து உனக்கென்று துவைத்து வைத்த பழைய வேட்டித் துணிகளை எடுத்து எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க முடியாமல்தான் நான் இந்தக் கப்பலுக்குச் சம்மதித்தேன். மாப்பிள்ளை தன் டிராவல்ஸ் ஆபீஸ் மூலமாக நாலு பேருக்கும் டிக்கெட் போட்டது கடலைக் காட்ட அல்ல என்று எனக்குத் தெரியாதா? சென்னைக்குக் கார் ஏறும்போது நீ என் காதோரம் வந்து, “மூணு நாள் இருக்குப்பா. மாமாகிட்ட வாயத் தொறந்து ஒரு வார்த்த கேளு” என்றாய். வாயைத் திறந்தேன் மகளே. அதில் குறை வைக்கவில்லை.

முதல் தப்பு கப்பல் கிளம்புவதற்கு முன்பே நடந்துவிட்டது. மாப்பிள்ளை நமக்குக் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில், பக்கத்துப் பக்கத்து அறையாகப் போட்டிருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. பஸ்ஸில் வாந்தி எடுப்பவர்கள் யார்? பின் சீட்டுக்காரர்கள். பின் சக்கரத்துக்கு மேலே தூக்கித் தூக்கிப் போடும், வயிறு கலங்கும். திண்டிவனம் விழுப்புரம் வண்டியில் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிகள் எத்தனை பேரை “பின்னாடி குந்தாத, முன்னாடி வா” என்று கூப்பிட்டு டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் காப்பாற்றியிருக்கிறேன்! அந்த அனுபவத்தோடு நேராகக் கவுண்டருக்குப் போய், எங்களுக்கு முன்னாடி வேண்டும், ஆகக் கோடி முன்னாடி, மேலே, காற்றோட்டமாக என்று கேட்டேன். அங்கிருந்த பெண், “சார், நடுவுல இருந்தாதான் ஆட்டம் கம்மியா இருக்கும்” என்றது. “உனக்கு எத்தினி வருஷம்மா சர்வீஸ்?” என்றேன். “எட்டு மாசம் சார்.” “எனக்கு முப்பத்தொண்ணு” என்றேன். அதற்கு மேல் அந்தப் பெண் என்ன செய்யும், மாற்றிக் கொடுத்துவிட்டது. உன் அம்மா என் பின்னால் நின்று, “ஏங்க, கப்பலுக்குப் பின் சக்கரம் எங்க கீது?” என்று கேட்டாள். பொம்பளைகளுக்கு மெக்கானிசம் தெரியாது என்று அவள் வாயை அடைத்தேன். இரண்டு அறையும் ஒரே டிக்கெட் என்பதால் உன் மாமனாரின் அறையும் என்னோடு முன்னால் வந்துவிட்டது. அவர் பையைத் தோளில் மாட்டியபடி நின்றிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், நாங்கள் பேசிக்கொள்வதில்லை என்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டார். நாற்பது வருஷக் கடல் அனுபவம் எனக்கு இரண்டடி பின்னால் சும்மா நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் கப்பல் கிளம்பியபோது நான் ராஜா. பலகாரம் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று என்று ஆரம்பித்துச் சிலவற்றில் மும்மூன்று சாப்பிட்டேன். எதையும் பிடிக்காமல் ஒரு காலை முன்னால் வைத்து நடுக்கூடத்தில் நின்று காட்டினேன். இருட்டி, துறைமுகத்து விளக்கெல்லாம் மறைந்த பிறகு முன் பக்கம் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. மெதுவாக மேலே தூக்குகிறது, ஒரு நொடி அப்படியே நிற்கிறது, பிறகு என் வயிற்றை மேலேயே விட்டுவிட்டுக் கப்பல் மட்டும் கீழே இறங்குகிறது. வயிறு வந்து சேர்வதற்குள் மறுபடியும் தூக்குகிறது. பெண்கள் இருவரும் பாட்டுக் கச்சேரிக்குப் போயிருந்தார்கள். நான் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தேன். இஞ்சி மரப்பாவை வாயில் அடக்கினேன். செய்தித்தாளைப் பரப்பி அதன்மேல் உட்கார்ந்தேன். முப்பத்தோரு வருஷம் மற்றவர்களுக்குச் சொன்ன வைத்தியம் அத்தனையும் செய்தேன், ஒன்றுகூடக் கேட்கவில்லை. கழிவறையில் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்த செல்போன் எனக்கு முந்திக்கொண்டு உள்ளே போனது. அதை எடுக்கலாமா என்று யோசிப்பதற்குள் நான் யோசிக்கிற நிலையில் இல்லை. “ஸ்டாப்பிங் வர்ற வரைக்கும் அடக்கிக்க முடியாதா? வண்டியக் கழுவறது உங்கப்பனா?” என்று எத்தனை பேரை ஏசியிருக்கிறேன். அத்தனை பேரும் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றார்கள். அவர்களில் ஒரு கிழவர், கெடார் ஸ்டாப்பிங்கில் ஏறியவர், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். இருபது வருஷத்துக்கு முன்னால் நடந்தது, நேற்றுதான் எனக்கு உறைத்தது.

இனி எழுதப்போவதைப் படித்துவிட்டுச் சிரித்தாலும் மாப்பிள்ளையிடம் சொல்லாதே. பெருமைக்காகப் பழைய தோல்பையைக் கொண்டுவந்திருந்தேன் அல்லவா, அதில் கேரி பேக் கட்டும் விசிலும் இருந்தன. கேரி பேக்கைத் தேடியபோது விசில் கையில் பட்டது. என்ன நினைத்தேனோ தெரியவில்லை, வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் கொடுத்தேன். வண்டியை நிறுத்துவதற்கான விசில். கப்பல் நிற்கவில்லை. அலெக்ஸ் என்று சட்டையில் பெயர் குத்திய பணியாளர் ஒருவர்தான் மூச்சு வாங்க ஓடி வந்தார். “என்ன சார், எமர்ஜென்சியா?” என்றார். நான் செய்தித்தாளில் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தார். “இந்த ரூம யாரு சார் உங்களுக்குக் குடுத்தாங்க? கப்பல்லயே ஊஞ்சல் மாதிரி ஆடற எடம் சார் இது” என்றார். கேட்டு வாங்கினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு அறை காலையில்தான் கிடைக்குமாம். மாத்திரை எடுத்து வருகிறேன் என்று போனார்.

அப்போதுதான் முடிவு செய்தேன். செத்தாலும் கேட்டுவிட்டுச் சாவோம் என்று சுவரைப் பிடித்துக்கொண்டே போய் உன் மாமனார் கதவைத் தட்டினேன். திறந்தார். வெள்ளைச் சட்டையில் கம்பீரமாக நின்றார். “சம்பந்தி, நம்ம கலையப் பிரசவத்துக்கு” என்று வாயைத் திறந்தேன். கேள்வி வரவில்லை. வந்தது முழுவதும் அந்த வெள்ளைச் சட்டைமேல் போனது. என் ஆயுசில் இப்படி ஒரு அவமானம் இல்லை கலை. அந்த மனிதர் முகம் சுளிக்கவில்லை. என் நெற்றியைத் தாங்கிப் பிடித்தார், முகத்தைக் கழுவிவிட்டார், என்னைத் தோளில் சாய்த்துக் கீழே நடுத்தளத்துக்கு, வெளிக்காற்றுக்குக் கூட்டிப்போனார். தூரத்தில் கரை விளக்கு இரண்டு மூன்று தெரிந்தது. “கண்ண மூடாதீங்க. அசையாம கீதே, அதயே பாருங்க” என்றார். விடியும்வரை பக்கத்திலேயே இருந்தார். ஒரு ராத்திரி வந்து பார் என்று சொன்னவர், நான் வந்து பட்டபோது ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. கடல்காரர் என்றால் கடல்காரர்தான். உன் மாமனாரைப் பற்றி இனி யாராவது லேசாகப் பேசினால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

ஆனால் பிரசவத்தைப் பற்றி நான் மறுபடி கேட்கவில்லை. சட்டையை அப்படி ஆக்கிவிட்டு அதே வாயால் பெண்ணைக் கேட்க எனக்கு முகம் இல்லை. நீ அங்கேயே இரு கலை. உன் மாமியார் நல்லபடி பார்த்துக்கொள்வார்கள். நாங்கள் பஸ் பிடித்து வந்து உன்னையும் பிள்ளையையும் பார்த்துவிட்டுப் போகிறோம். உன் அம்மாவை நான் சமாதானம் செய்துகொள்வேன். என்னை யார் செய்வார்கள் என்று தெரியவில்லை, அது போகட்டும்.

கேழ்வரகுக் கஞ்சி குடி. பஸ்ஸில் எங்கும் அலையாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பும், டிக்கெட்டுக்கு நன்றியும். பதினாறும் பெற்று வாழ் என்று வாழ்த்த நினைத்தேன், இப்போதைக்கு ஒன்றை நல்லபடியாகப் பெற்றெடு, மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

உன் அப்பா,
தென்னரசு

பின்குறிப்பு:

கலை, நான் மாமா சேட்டு எழுதறேன். எனக்குப் பேசறாப்புலதான் எழுத வரும். உங்கப்பா படிக்க வேணாம்னுதான் குடுத்தாரு. நானும் படிக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். கப்பல் ஆடி ஆடி போட்டோ ஆடிப்போவுது. ஒரு ஒரு பக்கத்தயும் அஞ்சு தபா எடுத்தேன். அதுல படிச்சிட்டேன்.

அவரு கதவ நான் தட்டினேன், என் கதவ அவரு தட்டல. விசில் சத்தம் கேட்டுது, அங்க மனுஷன் முழிச்சிக்கினு கீறாருன்னு போனேன். ரெண்டு வருஷம் கழிச்சி நான் பேசன மொத வார்த்த, “சம்பந்தி, ஒரு கேரி பேக் கீதா?” அவ்ளோதான். அவரு எடுத்து நீட்டறதுக்குள்ள வந்துடுச்சி. சட்ட பாழானது நெசம். வாந்தி என்து, சட்ட அவருது.

என் போட்ல நான் நின்னுக்கினு, மூஞ்சில காத்து அடிக்க, இஞ்சினப் புடிச்சிக்கினு போவேன். இங்க ஏசி ரூம்ல கண்ணாடி போட்டு அடச்சி வச்சா நாப்பது வருஷமும் செல்லாதும்மா. தல தாங்கிப் புடிச்சதும் அவரு, மூஞ்சி கழுவுனதும் அவரு. அவரே நிக்க முடியாம ஆடிக்கினுதான் என்னக் கீழ கூட்டிக்கினு போனாரு. வெளக்கப் பாக்கச் சொன்னதும் அவருதான். பஸ்ல தல சுத்தறவங்களுக்கு அப்பிடித்தான் சொல்லுவாராம். விடியற வரைக்கும் என் முதுகத் தடவிக்கினே இருந்தாரு. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு நான் கேக்கவே இல்ல. அவரா இப்பிடி மாத்தி எழுதிக்கீறாரு. பந்தல்ல அவரு பேசனதுக்கு நான் ரெண்டு வருஷம் மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருந்தேனே, எனக்குத்தான் இப்ப வெக்கமா கீது.

வளகாப்பு முடிஞ்ச அன்னிக்கே நீ திண்டிவனம் போற. அவரு வந்து கேக்கத் தேவையில்ல, நானே கொண்டாந்து விடறேன். ஆனா புள்ள பொறக்கற வரைக்கும் உன்னப் பாக்காம நம்ம ஊட்ல எங்களால குந்திக்கினு இருக்க முடியாது. அதனால உன்கூட நானும் உங்க அத்தையும் வந்து திண்டிவனத்துல தங்கறதா முடிவு பண்ணிக்கீறோம். உங்கம்மாக்குத் தெரியும். உங்கப்பாகிட்ட மட்டும் இன்னும் சொல்லல. எனக்குக் கேக்கக் கூச்சமா கீது, நீயே பக்குவமா சொல்லிடும்மா.