இரண்டு பரிசோதனை, ஒரு கையெழுத்து

அன்புள்ள மைத்துனருக்கு அத்தான் எழுதுவது. நீங்களும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் நிலைமை என் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நீங்கள் பதறிக்கொண்டு கிளம்பி வர வேண்டாம்.

ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதில் உங்கள் அக்காவுக்கு எதிர்ப்புச் சக்தி அடியோடு போய்விட்டது. எட்டு நாளாகக் காய்ச்சல் விடவில்லை. நுரையீரலில் பூஞ்சை இறங்கியிருக்குமோ என்று டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். இரண்டு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஒன்று, அநேகமான பூஞ்சைகளின் மேலோட்டில் இருக்கும் சர்க்கரையைத் தேடுவது. அது இருக்கிறது என்றது. இன்னொன்று, குறிப்பாக ஒரே வகைப் பூஞ்சையைத் தேடுவது. அது இல்லை என்றது. முப்பத்தோரு வருடம் கடை கடையாக ஏறித் தராசு சோதித்தவனிடம் வந்து ஒரே ரத்தத்துக்கு இரண்டு நிறை சொன்னால் விடுவேனா? "இதுல எது பொய் சொல்லுதுன்னு எனக்குத் தெரியணும்" என்றேன். டாக்டரம்மா பொறுமைசாலி. "ரெண்டுமே பொய் சொல்லலாம்ங்க. முதல் டெஸ்ட் கட்டுப் போடுற துணியாலகூட ஏறிக் காட்டும். ரெண்டாவது, பூஞ்சை இருந்தும் சில நேரம் பிடிக்காது" என்றார். அப்படியானால் சரிபார்க்கிற படிக்கல் எங்கே என்று கேட்டேன். நுரையீரலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பதுதானாம் படிக்கல். இப்போதிருக்கும் நிலையில் ஊசி குத்தினால் ரத்தம் நிற்காதாம். படிக்கல் இல்லாமல் வியாபாரம் செய்தவர்களின் தராசையே நான் பறிமுதல் செய்திருக்கிறேன்.

பூஞ்சை மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்கிறார்கள். சும்மா இருந்தால் பூஞ்சை ஆளையே கொண்டுபோய்விடும் என்கிறார்கள். இந்த லட்சணத்தில் எதை நம்பிக் கையெழுத்துப் போடுவது? நேரே பரிசோதனைக்கூடத்துக்குப் போய், மெஷினுக்குக் கடைசியாக முத்திரை போட்டது எப்போது என்று விசாரித்தேன். அங்கிருந்த பெண், "ஐயா, செருப்பைக் கழட்டிட்டு வந்தீங்களா?" என்று கேட்டபடியே என்னை வெளியே கொண்டுவந்து விட்டாள். நான் அசரவில்லை. நோட்டில் கோடு போட்டு இரண்டு பரிசோதனையையும் எதிரெதிரே எழுதி வருகிறேன். குற்றவாளி எது என்று தெரிகிறவரை மருந்து வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியை விட்டு நகராமல், இறங்குகிற குளுக்கோஸைச் சொட்டுச் சொட்டாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். "எண்ணினது போதும், ஒரு வாய் சாப்பிடுங்க" என்கிறாள் உங்கள் அக்கா. எங்கே மச்சான் சாப்பாடு இறங்குகிறது.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. பெரியவள் பரீட்சையை நல்லபடியாக எழுத என் ஆசிகள்.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: இதை உறையில் போடுவதற்குள் நர்ஸ் வந்து பையை மாற்றினாள். "ரெண்டு நாளா மஞ்சளாவே இறங்குதே, என்ன குளுக்கோஸ்மா இது?" என்றேன். "பூஞ்சை மருந்துங்க. முந்தாநாள்ல இருந்து போகுது. அம்மாவே கையெழுத்துப் போட்டாங்களே" என்றாள். என் கையெழுத்தை யாரும் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏன் சொல்லவில்லை என்று உங்கள் அக்காவிடம் கேட்டேன். "எந்த டெஸ்ட் பொய்யின்னு நீங்க கண்டுபிடிக்கிறப்போ நான் இருக்கணும்ல" என்றாள். இன்று காலை காய்ச்சல் ஒரு டிகிரி குறைந்திருக்கிறது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது மச்சான், கிளம்பி வாங்க.