திருடன் வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை

நானும் சிறையில் இருந்தவன்தான். முப்பதுகளில் திருச்சிராப்பள்ளியில் அப்படிச் சொன்னவர்களுக்கெல்லாம் மாலை போட்டார்கள். எனக்கு யாரும் போடவில்லை. அவர்கள் தேசத்துக்காகப் போனார்கள், நான் நாடகத்துக்காகப் போனேன்.

பி.ஏ. முடித்துவிட்டு ஸ்ரீரங்கத்து வீதிகளை அளந்துகொண்டிருந்த எனக்கு, இளங்குற்றவாளிகளை அடைத்துவைத்திருந்த சீர்திருத்தப் பள்ளியில் வாத்தியார் வேலை கிடைத்தது. தற்காலிக வேலை. அது நிரந்தரமானால்தான் பெண் என்று கும்பகோணத்தில் பார்த்திருந்த மாமனார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெண்ணை நான் ஒருமுறை பார்த்திருந்தேன். (அவள் அன்றைக்கு என்னைச் சரியாகப் பார்க்கவில்லையாம். பார்த்திருந்தால் நிபந்தனை இன்னும் கடுமையாக இருந்திருக்கும் என்பாள்.)

வேலையை நிரந்தரமாக்குவது மெட்ராஸிலிருந்து வரப்போகும் கல்வி அதிகாரியின் கையில் இருந்தது. அவரை அசத்திவிடலாம் என்று, திருடன் ஒருவன் படித்துத் திருந்துவதாக நானே ஒரு நாடகம் எழுதினேன். மாஜிஸ்திரேட்டு வேஷத்துக்குப் பையன்களிடையே அடிதடி. போலீஸ் வேஷத்துக்குப் பாதி வகுப்பு கை தூக்கியது. திருடனாக நடிக்க மட்டும் ஒருவனும் முன்வரவில்லை.

"வேணாங்க சார், பேரு கெட்டுடும்," என்றான் முருகேசன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பித்தளையைத் தூக்கிக்கொண்டு போகும்போது பிடிபட்டு வந்தவன் அவன். அடுத்த மாதம் விடுதலையாக வேண்டியவன்.

ஆகவே திருடன் நானே என்று முடிவாயிற்று. உடம்பும் அதற்கு ஒத்துழைத்தது. எலும்பும் தோலுமாக, மீசை முளைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த முகம் எனக்கு. முருகேசனோ வாட்டசாட்டமானவன், மீசை வேறு. அவனை மாஜிஸ்திரேட்டு ஆக்கி என் வேஷ்டி, கோட்டு, தலைப்பாகை எல்லாவற்றையும் கொடுத்தேன். அவனுடைய அரை நிஜாரையும் பனியனையும் நான் மாட்டிக்கொண்டேன். திருடனுக்கு எதற்குத் திருமண் என்று என் நெற்றியைத் துடைத்துவிட்டு, கம்பீரமாக இருக்கட்டுமே என்று அவன் நெற்றியில் என் கையாலேயே இட்டுவிட்டேன். (இதை மட்டும் என் அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை.)

நாடகத்தன்று எங்கள் சூப்பரின்டெண்டு காய்ச்சலில் படுத்துவிட்டார். பொறுப்பில் இருந்த வார்டர் முதல் நாள்தான் வேலூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். எங்களில் யாரையும் அவருக்குத் தெரியாது. நாடகம் அமோகமாக நடந்தது. நான் எழுதிய வசனத்தைக் கண்டுகொள்ளாமல், சொந்த அனுபவத்தை வைத்து முருகேசன் எனக்குத் தண்டனை விதித்தான். அதிகாரி கை தட்டினார்.

முடிந்ததும் மணி அடித்தது. அங்கே மணி அடித்தால் பையன்களை இரண்டிரண்டு பேராக நிறுத்தித் தலை எண்ணுவார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் உள்ளே அனுப்பிப் பூட்டுவார்கள். என் துணிகளைத் தேடிப் போன என்னை வார்டர் தடியால் இடுப்பில் இடித்து வரிசையில் சேர்த்தார். எண்ணினார்.

"சரியா இருக்கு," என்று பூட்டினார்.

"ஐயா, நான் வாத்தியார்!" என்றேன். அவர் அசையவில்லை. பட்டதாரி என்பதை நிரூபிக்க இங்கிலீஷில் கத்தினேன்.

"இங்கிலீஷு நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காரு அந்த வாத்தியாரு," என்றார் வார்டர். "அதிகாரிதான் அவரோட பேசணும்னு ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனாரு. நாமம், தலைப்பாகையெல்லாம் நானே பார்த்தேன்."

"இவருதாங்க எங்க சாரு!" என்று பையன்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் சாட்சி சொன்னார்கள்.

"இத்தனை பேரும் ஒண்ணு சேர்ந்து சொன்னா, அது பொய்யின்னு எனக்குத் தெரியாதா?" என்றார் அவர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆபீசைத் தாண்டினால் வெளிக் கதவு. பார்வையாளர் நாள் என்பதால் திறந்தே இருந்தது. முருகேசன் ஓடியிருந்தால் அவன் விடுதலை போச்சு. துணி கொடுத்து அனுப்பியவன் நான், என் வேலையும் போச்சு. பெண்ணும் போச்சு. நான் வாத்தியார்தான் என்று நிரூபித்தால் ஒரு தலை குறையும், அபாய மணி அடிப்பார்கள். ரங்கநாதா என்று சுவரோரமாக உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கம்பிக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது.

"என்னை உள்ள விடுங்கய்யா."

"சாமி, வகுப்பெல்லாம் முடிஞ்சிடுச்சு. வீட்டுக்குப் போயிட்டு வாங்க," என்றார் வார்டர் பவ்யமாக.

"நான் உள்ள இருக்கறவன்யா!"

"உள்ள எண்ணிக்கை சரியா இருக்குங்க சாமி. இனிமே ஒருத்தரையும் சேர்க்க முடியாது."

வெளியே விடச் சொல்லி நானும், உள்ளே விடச் சொல்லி அவனும் மன்றாடினோம். அவர் மசியவில்லை. கடைசியில் அவர் கண்ணெதிரிலேயே கம்பி வழியாகத் துணிகளை மாற்றிக்கொண்டோம். நான் தலைப்பாகையை வைத்த கணத்தில் வார்டர் பதறிப்போனார்.

"சாமி! நீங்க எப்படி உள்ள போனீங்க?"

கதவைத் திறந்து ஒருவனை உள்ளே விட்டு, ஒருவனை வெளியே விட்டு, மறுபடி எண்ணினார். சரியாக இருந்தது. அதனால் அன்று எதுவுமே நடக்கவில்லை என்பது அவர் கட்சி. எங்களுக்கும் அது சௌகரியமாக இருந்தது.

மறுநாள் வகுப்பில் முருகேசனைக் கேட்டேன். அதிகாரி அவனுக்குக் காபி கொடுத்து, பையன்களின் படிப்பைப் பற்றி விசாரித்தாராம். பசி நேரத்தில் கணக்குப் பாடம் வேண்டாம், ஆளுக்கொரு சிலேட்டு கொடுங்கள் என்று சொன்னானாம்.

"கதவு திறந்துதானே இருந்தது? ஏன் திரும்பி வந்தாய்?"

"நான் போயிட்டா, எண்ணிக்கைக்கு நீங்கல்ல சார் உள்ள இருக்கணும்?"

அன்றைக்கு என்னால் பாடம் நடத்த முடியவில்லை.

சில நாட்களில் உத்தரவு வந்தது. வாத்தியாரோடு நேரில் பேசியதில் அதிகாரிக்குப் பரம திருப்தியாம். வேலை நிரந்தரமாகிக் கல்யாணமும் நடந்தது. மனைவியிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று முழுக்கதையையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சற்று யோசித்தாள்.

"அப்படீன்னா, நியாயமா நான் அவருக்குன்னா வாழ்க்கைப்பட்டிருக்கணும்?"

இன்றைக்கும் நான் சொத்தைக் கத்தரிக்காய் வாங்கி வந்தால், "முருகேசன் சாரா இருந்தா பாத்து வாங்கிண்டு வந்திருப்பார்," என்று பெருமூச்சு விடுகிறாள். அவர் என் மேலதிகாரியாக இருந்தவர் என்று பேரப்பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மறுத்ததில்லை.