செக்போஸ்ட்டில் இறங்கிப்போன சீரக சம்பா

சில முகங்களைப் பார்த்ததும் அதிகாரிகளுக்குத் தங்கள் கடமை நினைவுக்கு வந்துவிடும். என்னுடையது அப்படிப்பட்ட முகம். தப்பே செய்யாமல் திருதிருவென்று விழிப்பது எனக்குப் பிறவியிலேயே வந்தது.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் ஜோடி எண்ணி ஓய்வு பெற்றவன் நான். இப்போது பேரணாம்பட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்து, மலை ஏறி, ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் வி.கோட்டா தக்காளி மண்டியில் பெட்டி எண்ணுகிறேன். (வீட்டில் இருந்தால் யார் எத்தனை தோசை தின்றார்கள் என்று எண்ணுகிறேனாம். அதனால் மனைவியே பார்த்துக் கொடுத்த வேலை.)

மகள் கவிதாவைக் கொடுத்ததும் வி.கோட்டாவில்தான். அவளுக்கு வளைகாப்பு வைத்தார்கள். பெண் வீட்டார் ஆம்பூர் பிரியாணி போடுகிறார்கள் என்று சம்பந்தியம்மாள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பிரியாணி மாஸ்டர் பாத்திரங்களோடு முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார். அரிசி மட்டும் என் பொறுப்பு.

சொந்தக்காரர்கள் வரும் வேனில் போட்டுவிடலாம் என்றாள் மனைவி. வேனை நிறுத்தினால்? ரேஷன் அரிசி எல்லை தாண்டக் கூடாதென்று செக்போஸ்ட்டில் வண்டி வண்டியாகக் குடைகிறார்களே. தினமும் போகும் பஸ் என்றால் என் முகம் அவர்களுக்குப் பழக்கம். கடைப்பை வேறு பளபளவென்று கண்ணை உறுத்தியது. சீரக சம்பாவைப் பழைய வெள்ளைச் சாக்கு ஒன்றில் கொட்டிக் கட்டினேன். அது ரேஷன் அரிசி வாங்கி வந்த சாக்கு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பஸ்ஸில் ஏறி மூட்டையை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். பக்கத்து சீட்டில் சாந்தி வந்து உட்கார்ந்தாள். அவளும் தினமும் வருகிறவள். அதே மாதிரி இரண்டு வெள்ளை மூட்டைகளை என் சீட்டுக்கடியில் தள்ளினாள். உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. அந்த பஸ்ஸில் யாரும் கேட்க மாட்டார்கள். மூட்டைகளெல்லாம் தாமாகவே ஏறி வந்ததைப்போல அனைவரும் ஜன்னலைப் பார்ப்பதுதான் அங்கே வழக்கம்.

"இன்னா சார், மூட்டைய கட்டிப் புடிச்சிகினு வர்றீங்க? காலை எடுங்க. பாக்கறவங்களுக்கே சந்தேகம் வரும்" என்றாள்.

காலை எடுத்தேன். மூன்று மூட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. ஒன்று என்னுடையது என்றால் மற்ற இரண்டும் யாருடையவை என்பார்கள். சாந்தியைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மூன்றையும் நானே ஏற்க வேண்டும்.

செக்போஸ்ட்டில் அதிகாரி ஏறினார். முன் சீட்டுப் பையனிடம், "இந்தப் பை யாருது?" என்றார்.

"எதுவும் என்னுது இல்ல சார்" என்றேன் நான்.

அதுவரை அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. பிறகுதான் பார்த்தார். நேராக வந்து, கைக்குக் கிடைத்த மூட்டையை இழுத்து அவிழ்த்தார். பஸ் முழுக்க சீரக சம்பா மணத்தது.

"ரேஷன்ல இதெல்லாம் எப்பத்துல இருந்து போட்றாங்க?" என்று சிரித்துவிட்டு, மூட்டைக்கு உரியவர் தன்னுடையது என்று சொன்னால் எடுத்துப்போகலாம் என்றார்.

அரிசி வாங்கிய பில் என் சட்டைப் பையில்தான் இருந்தது. நெஞ்சு அடித்த அடியில் அதுவும் படபடத்தது. ஆனால் அரசாங்க அதிகாரியிடம் ஒருமுறை இல்லை என்றவன் எப்படி ஆமாம் என்பது? பொய் சொன்னதற்குத் தனியாக ஒரு கேஸ் போட்டால்? நானும் ஜன்னலைப் பார்த்தேன். மூட்டை இறங்கியது; அந்த மணத்தில் மற்ற இரண்டையும் அவர் மறந்துவிட்டார். பஸ் கிளம்பியது.

கொண்டை ஊசி வளைவுகளில் நான் விட்ட பெருமூச்சு சாந்திக்குக் கேட்டுவிட்டது. வளைகாப்பு விஷயத்தைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். "பொண்ணு வூட்டுக்கு வெறுங்கையோட போவாத சார். என்னுதுல ஒண்ணு எடுத்துனு போ" என்றாள். இப்படியாக, கடத்தல்காரன் என்று நினைத்துவிடுவார்களோ என்று நடுங்கிய நான், எல்லை தாண்டியதும் அசல் கடத்தல்காரனாகவே இறங்கினேன்.

மாஸ்டர் மூட்டையை அவிழ்த்தார். ஒரு பிடி எடுத்தார். என்னைப் பார்த்தார். "இது கஞ்சிக்கு. பிரியாணிக்கு எங்க சார்?"

பந்திக்கு நேரமாகிவிட்டது. வேறு அரிசி தேட வழியில்லை. அவர் சபித்துக்கொண்டே சமைத்தது கரண்டியால் வெட்டி எடுக்கும் பதத்தில் வந்தது. ஆட்டுக்கறி போட்ட பொங்கல். தெருவே மரியாதையாகச் சாப்பிட்டது. சம்பந்தியம்மாள் மட்டும் இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கவிதா என்னை அறைக்குள் கூப்பிட்டாள். கண் கலங்கியிருந்தது.

"அப்பா, இன்னா அரிசிப்பா இது? உண்மையைச் சொல்லு."

சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. வளையல்கள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்த சம்பந்தியம்மாள், வலி எடுத்துவிட்டதாக நினைத்து வண்டியைக் கூப்பிடச் சொன்னார். காரணம் தெரிந்ததும் அவரும் சிரிப்புத் தாங்காமல் உட்கார்ந்துவிட்டார்.

செக்போஸ்ட்டில் இறங்கிய என் மூட்டையை நான் திரும்பப் போய்க் கேட்கவில்லை. யாருடையது என்று மறுபடியும் கேட்பார்களே.

வேலூரில் பிரசவம் நடந்தது. நர்ஸ் துணியில் சுற்றிய குழந்தையோடு வெளியே வந்து, "இது யாரோட குழந்தை?" என்றார். நான் பழக்கத்தில் ஜன்னலைப் பார்த்தேன். மருமகன் என் தோளில் கை வைத்தார்.

"மாமா, இதையாச்சும் நம்மளுதுன்னு சொல்லிடுங்க."

எங்களுதுதான் என்று நான் இரண்டு கைகளையும் தூக்கினேன்.